மேல லயத்து மண்

ஜூன் 3, செவ்வாய்

மழை இல்லை, காற்று மட்டும். லேப் ஜன்னல் நாள் முழுக்க டமால் டமால். லீவு முடிந்து இன்றுதான் வேலைக்கு. கோயம்புத்தூர் மெக்கானிக் ஒருவழியாக வந்து போயிருக்கிறார். மண்ணை அழுத்திப் பார்க்கும் மெஷினுக்கு மறுபடி உயிர்.

லீவுக்கு முன்னால் எங்கள் ஊர் சித்திரபுரத்திலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த இரண்டு மண் குழாய்களும் ஸ்டாண்டில் பத்திரம். வலப்பக்கச் சீட்டு மே.ல. - மேல லயம், தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வீடு இருக்கிற தொழிலாளர் வரிசை. இடப்பக்கச் சீட்டு கீ.ல. - கீழ லயம். இரண்டுக்கும் பின்னால் மலைச்சரிவு, இரண்டிலும் விரிசல். எது தாங்கும், எது தாங்காது என்று மெஷின்தான் சொல்ல வேண்டும்.

குழாய் மேலேயே எழுதிப் பார்த்தேன். ஈரத்தில் மார்க்கர் அழிந்துபோனது. சோம்பேறித்தனம், ஸ்டாண்டில் சீட்டு ஒட்டியதோடு சரி.

நாளைக்கு: குழாய் வாயில் மெழுகு பிரிக்க. மண்ணுக்கு ரப்பர் உறை இரண்டு. தலைவலி மாத்திரை (எனக்கு).

ஜூன் 5, வியாழன்

முடிந்தது. கீ.ல. மண் கொஞ்சம் அழுத்தியதுமே பொலபொலவென்று போய்விட்டது. மே.ல. கெட்டி, கடைசிவரை நின்றது. இனி இரண்டும் வெறும் மண். ஒருமுறை நசுக்கியதை மறுபடி சோதிக்க முடியாது.

சந்தோஷம். கொஞ்சம் வெட்கமும். கீழ லயத்தில் இருப்பவர்களும் தெரிந்த முகங்கள்தானே. ஆனாலும் எங்கள் வீடு தப்பியது.

ரிப்போர்ட்டில் லேப் தலைவர் சாரின் கையெழுத்து, கீழே சோதித்தவர் என்று என் கையெழுத்து. வில்லேஜ் ஆபீசுக்குப் போய்விட்டது. மத்தியானம் சாப்பாடு மறந்தேன்.

ஜூன் 7, சனி

அப்பா போன். "கீழ லயத்து ஆளுகள எல்லாம் காலி பண்ணி நம்ம லயத்துக்குக் கொண்டாந்துட்டாக தாயி. நம்ம வீட்ல மட்டும் ரெண்டு குடும்பம். அம்மாவுக்கு அடுப்ப விட்டு நகர முடியல. நீ டெஸ்ட் பண்ணதுதான்னு ஊரு பூரா பேச்சு." குரலில் அத்தனை பெருமை.

ஹாஸ்டலில் புட்டு. வேகவில்லை.

ஜூன் 9, திங்கள்

மழை பிடித்துக்கொண்டது. நசுக்கிய மண் கிடந்த தட்டுகளைக் கழுவினேன். கீ.ல. தட்டில் ஒரு வேர். தேயிலை வேர். எனக்குத் தெரியாத வேரா. கீழ லயத்துக்குப் பின்னால் தேயிலையே கிடையாது, வெறும் புல். தேயிலை எங்கள் லயத்துக்குப் பின்னால்தான்.

அட்டெண்டர் பழனிச்சாமி அண்ணனைக் கூப்பிட்டேன். எலப்புள்ளிக்காரர், வீட்டில் தமிழ். ஒரு பொருளை இடம் மாற்றி வைக்கக்கூடக் கேட்டுவிட்டுத்தான் செய்வார்.

"அண்ணே, நான் லீவுல இருந்தப்ப இந்தக் குழாயை யாராச்சும் தொட்டாங்களா?"

"நாந்தானுங்க தொட்டேன். சார் போன்ல சொன்னாருங்க, ரெண்டையும் மாத்தி வெக்கச் சொல்லி. வலதுல இருந்தத இடதுல வெச்சேன், இடதுல இருந்தத வலதுல வெச்சேன். ஏனுங்க, சரியா வெக்கலீங்களா?"

சார் மலையாளத்தில் சொல்லியிருக்கிறார்: மாற்றி வைக்கூ. மெஷின் ரிப்பேர், இப்போதைக்கு ஓரமாக எடுத்து வை என்று அர்த்தம். அண்ணன் காதில் அது தமிழாக விழுந்திருக்கிறது. சார் சொன்னதும் சரி. அண்ணன் செய்ததும் சரி. யாரைத் திட்ட? சீட்டைக் குழாயில் ஒட்டாமல் ஸ்டாண்டில் ஒட்டிய என்னைத்தான்.

பொலபொலத்தது எங்கள் மண்.

ஜூன் 10, செவ்வாய்

சாரிடம் சொன்னேன். "ஞான் மாற்றி வைக்கான் அல்லே பறஞ்ஞது?" என்று மூன்று தடவை கேட்டார், ஓரமாக வைக்கத்தானே சொன்னாராம். வேரைக் கண்ணாடிக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். பிறகு, "ஒரு வேரு கொண்டு ரிப்போர்ட் மாற்றான் பற்றில்லா." ஒரு வேரை வைத்து ரிப்போர்ட்டை மாற்ற முடியாதாம். புது மண் வேண்டும், புதிதாகச் சோதிக்க வேண்டும். கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம், சண்டை போடவும் முடியவில்லை.

வில்லேஜ் ஆபீசுக்கு நானே போன் செய்தேன். சார் எழுதிக் கொடுக்கட்டும் என்கிறார்கள். மலை ரோட்டில் மண் விழுந்து பஸ் நின்றுவிட்டது. மெஷின் பளபளவென்று இருக்கிறது, வைக்க மண் இல்லை.

பழனிச்சாமி அண்ணன் சாப்பிடவில்லை. "என்னாலதானுங்களே?" இல்லை என்றேன். நம்பவில்லை.

ஜூன் 11, புதன்

காலையிலிருந்து ஒரே கொட்டு. பத்து மணிக்கு லைன் கிடைத்தது. அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். ரிப்போர்ட் தப்பு, மண் மாறிவிட்டது, எல்லாரையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்குங்கள் என்று கத்தினேன்.

அப்பா குரலைத் தாழ்த்தினார். "எங்கன தாயி எறங்க? கீழ லயத்தப் பூட்டி நோட்டீஸ் ஒட்டியிருக்காக. அதுல ஒன் பேரு இருக்கு. ஒன் பேர நம்பித்தான் அத்தன சனமும் மேல வந்துச்சு. இப்ப நான் போயி, எம்மவ தப்பா எழுதிட்டான்னு சொன்னா யாரு நம்புவா? நீ பயத்துல பேசுத. மழ விடட்டும்."

போனை அம்மா வாங்கினாள். சாப்பிட்டியா என்றாள். குழந்தைகள் எங்கே என்று கேட்டேன்.

"பின்னால ரூமுல, மலப்பக்கச் செவத்தோரமா படுக்கப் போட்டிருக்கேன். அங்கதான் ஒழுகல."

சார் ஒரு வரி எழுதிக் கொடுத்தால்தான் வில்லேஜ் ஆபீஸ் அசையும், அவர் அறைக் கதவு இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. அண்ணன் குடையோடு வாசலில் நிற்கிறார், சார் வண்டி தெரிந்ததும் சொல்கிறேன் என்று.