கூரையில் காய்ந்த பாறை

14 ஜூலை 2025, திங்கள்

ஆய்வுகூடத்தில் பாறை மாதிரிகளை உலர்த்தும் அடுப்பு செத்துப்போயிற்று. மின்சாரம் விட்டுவிட்டு வந்ததில் உள்ளே ஏதோ கருகியிருக்கிறது. கொழும்பிலிருந்து ஆள் வர மூன்று கிழமையாம். பன்னிரண்டு தட்டுப் பாறைப்பொடி ஈரமாகக் கிடக்கிறது.

ஆய்வுகூடத்தை நடத்தும் முனீப் சேர் வந்து பார்த்தார். "வெயில் இருக்கு தானே ஸல்ஹா. சூடை மீன் காயுற வெயிலுக்குக் கல்லுக் காயாதா? இங்க துறைமுக ஜெற்றித் தூசி. நீங்க கிண்ணியாவுக்குக் கொண்டு போங்க."

கூட வேலை செய்யும் இன்பமலர் அக்கா சிரித்தா. நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

16 ஜூலை

எங்கள் வீட்டு மேல்தட்டுக் கூரையில் தட்டுகள். மேலே கருவாட்டு வலை. "காகம் கல்லுத் தின்னுமா மகள்?" என்று உம்மா கேட்டா.

பதின்மூன்றாவது தட்டில் வெறும் மணல். போன மாதம் உலையில் சுட்டு, இருந்த அழுக்கையெல்லாம் எரித்து வைத்தது. அதில் ஒன்றும் வரக்கூடாது. வந்தால் அது நாங்கள் சேர்த்த அழுக்கு.

பாறை, இந்தியாவில் ஒரு நிலக்கரிப் படுகைக்குள் துளைத்துத் தூணாக எடுத்தது. உலகத்து உயிர்களில் பெரும்பங்கு அழிந்த காலத்துச் சேறு. இருபத்தைந்து கோடி ஆண்டு. அப்போது காடுகள் எரிந்தனவா என்பதுதான் கேள்வி. எரிந்திருந்தால் புகையில் உண்டான கொரொனீன் என்ற சேர்மம் கல்லுக்குள் இன்னும் இருக்கும். பார்க்க ஓர் உயிரும் மிஞ்சாத நெருப்புக்கும் சாட்சி உண்டு என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

பதிவுப் புத்தகத்தில் 'உலர்த்திய முறை' என்றொரு கட்டம். 'அடுப்பு, 40 பாகை' என்று எழுதினேன். அந்தச் சின்னக் கட்டத்துக்குள் கூரையையும் கருவாட்டு வலையையும் எப்படி எழுதுவது?

5 ஆகஸ்ட்

கொரொனீன்! பன்னிரண்டிலும். கருவி தந்த வரைபடத்தில் ஒவ்வொரு உச்சமும் கோபுரம் மாதிரி.

சேர் எல்லாருக்கும் வட்டிலப்பம் வாங்கிவந்தார். பாறையை அனுப்பிய வெளிநாட்டுப் பேராசிரியைக்கு உடனே கடிதம் போய்விட்டது. கட்டுரையில் என் பெயர் இரண்டாவது. "இதோட உங்கட பிஎச்டி இடம் சரி, பிள்ளை. அவவே எடுப்பா." கருவிக்கான வாயு சிலிண்டர் முடியப்போகிறதாம், மணலைப் பிறகு கருவியில் ஓட்டலாமாம்.

6 ஆகஸ்ட்

பிஎச்டி விஷயத்தை உம்மாவிடம் சொல்லிவிட்டேன். அழுதா.

12 ஆகஸ்ட்

எல்லா வரைபடத்திலும் பெயர் தெரியாத ஒரு சின்ன உச்சம். இன்று தேடிக் கண்டுபிடித்தேன். பொலித்தீன் எரிகிற புகைக்கு அடையாளமாக எடுக்கிற சேர்மம்.

இருபத்தைந்து கோடி ஆண்டுக்கு முன்னம் ஆர் சொப்பிங் பேக் கொளுத்தினது?

வீட்டுக்கு வந்தேன். உம்மா முற்றம் கூட்டிக் குவித்து நெருப்பு வைத்திருந்தா. வேப்பஞ்சருகு, தேங்காய்மட்டை, நடுவில் நீலச் சொப்பிங் பேக் ஒன்று சுருண்டு உருகிக்கொண்டிருந்தது. கச்சான் காற்றில் புகை நேரே மேல்தட்டுக்கு ஏறியது. ஒவ்வொரு நாளும் இப்படித்தான். நான் பிறந்த நாளிலிருந்து பார்க்கிறேன். இந்த ஊரில் எல்லா முற்றத்திலும்.

சாப்பிட ஏலவில்லை.

13 ஆகஸ்ட்

சேரிடம் கேட்காமலே மணலை ஓட்டினேன். அதே கோபுரங்கள். வெறும் மணலில்! ஊழிக்காலத்துக் காடு இல்லை அது. எங்கட முற்றம்.

14 ஆகஸ்ட்

மணல் வரைபடத்தைச் சேரிடம் காட்டினேன். அவர் கத்தியிருந்தால் இவ்வளவு அருவருப்பு வந்திராது. நான் படித்த கதைகளில் கெட்டவர்கள் கத்துவார்கள். இவர் கதவைச் சாத்திவிட்டு, தேத்தண்ணி ஊற்றி, பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினார்.

"மணலை எல்லாரும் போடுறதில்ல, ஸல்ஹா. அந்தச் சின்ன உச்சம் ஆருக்குத் தெரியும்? காடு எரிஞ்சது உண்மைதான், வேற நாட்டுப் பாறையில எத்தினை பேர் கண்டுட்டாங்க. நாங்க இல்லாததையா சொல்றோம்?"

"கூரையில காயவைச்சது, சேர்."

"புத்தகத்தில அப்படி இல்லையே. அடுப்பு எண்டு இருக்கு. உங்கட கையெழுத்து." பிஸ்கட்டைத் தேத்தண்ணிக்குள் தோய்த்தார். "உங்கட நல்லதுக்குத்தான் சொல்றன், பிள்ளை."

தோய்ந்த துண்டு உடைந்து கோப்பைக்குள் விழுந்தது. விரலை விட்டு எடுத்துத் தின்றார். அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழும்பும்போது "தேங்க்ஸ் சேர்" என்றேன். தேங்க்ஸ்! எதுக்கு? சீ.

பஸ்ஸிலும் அந்த விரல்தான். இல்லை — என் விரலும். 'அடுப்பு' என்று எழுதினது ஆர்? அவர் பிடித்திருக்கிற கயிறு நான் திரித்துக் கொடுத்தது.

17 ஆகஸ்ட்

உம்மாவிடம் புகை விஷயத்தைச் சொன்னேன். கேட்டா: "அப்ப என்ட புகையாலயா மகள் உங்கட படிப்புப் போகப்போகுது?"

அவவுக்கு அப்படி விளங்கிவிட்டது. இதையும் அந்த மனுசன்தான் செய்தது. நானும்தான்.

19 ஆகஸ்ட், செவ்வாய்

காலையில் எல்லாருக்கும் முன்னம் போனேன். 'அடுப்பு, 40 பாகை' மேல் ஒற்றைக் கோடு இழுத்தேன், கீழே இருக்கிறது தெரியும்படி. பக்கத்தில் எழுதினேன்: 'பிழை. கிண்ணியாவில் வீட்டுக் கூரையில் வெயிலில் காய்ந்தது. கீழே நாளும் குப்பை எரிந்தது. வெறும் மணலிலும் கொரொனீன்.' பெயர், திகதி.

இன்பமலர் அக்கா வாசலில் நின்று பார்த்தா. "தங்கச்சி, வடிவா யோசிச்சனீங்களோ?"

"ஓம் அக்கா."

"அப்ப கையை எடுங்கோ, நிழல் விழுது." அவவின் போனிலேயே பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்பினா. மணல் வரைபடத்தோடு சேர்த்துப் பேராசிரியைக்கு அனுப்பிவிட்டேன்.

மத்தியானம் சோறு இறங்கியது.

22 ஆகஸ்ட்

சேர் ஆய்வுகூடச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். முகம் பார்க்கவில்லை. மேசையில் பிஸ்கட் தட்டு இருந்தது.

2 செப்டெம்பர்

அரைக்காத பாறைத்தூண் முழுவதையும் பேராசிரியை திருப்பிக் கேட்டாவாம். அக்கா சொன்னா. எனக்கு ஒரு வரியும் இல்லை.

9 ஒக்டோபர், வியாழன்

விண்ணப்பங்கள் இரண்டு அனுப்பினேன். ஒன்று பாடசாலை ஆய்வுகூட உதவியாளர்.

மத்தியானம் பேராசிரியையின் கடிதம், நாலு வரி. கட்டுரையை நிறுத்திவிட்டார்கள். பிஎச்டி இடம் இந்த வருடம் இல்லை. தூணின் நடுவை அறுத்துத் தாங்களே பார்த்தார்களாம். கொரொனீன் இருக்கிறது. உங்கள் கூரையில் வந்ததில் நாற்பதில் ஒரு பங்கு, ஆனால் இருக்கிறது.

அப்படியென்றால் காடு எரிந்ததுதான்.

பின்னேரம் கிணற்றடிக்குப் பின்னால் சருகு இடுப்பளவு குவிந்து கிடந்ததைப் பார்த்தேன். இரண்டு மாதமாக உம்மா நெருப்பு வைக்கவில்லை. நான் கவனிக்கவேயில்லை. ஈரத்தில் அடி அழுகி நாறியது.

"மேல ஏதும் காயுதா மகள்?"

"இல்ல உம்மா. ஒண்டும் இல்ல."

சொப்பிங் பேக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தேன். பிறகு உம்மாவிடம் தீப்பெட்டியைக் கொடுத்தேன்.