வேட்டியில் ஒரு விரல் தூசி

நேற்றுக் காலை ஆக்லாந்தின் தெற்கே மனுரேவாவில் எங்கள் வீட்டுக் குளியலறையின் இடுக்குகளில் சிலிக்கான் பசை பூச ஓர் ஆள் வந்தான். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனான். அந்தப் புளித்த வினிகர் வாசனை வீடெங்கும் நின்றது. ஜன்னல்களைத் திறந்து வைத்தும் போகவில்லை. மூன்று வருடம் சனிக்கிழமைதோறும் அந்த வாசனையைச் சட்டையில் சுமந்துகொண்டு வீடு திரும்பியவன் நான். அலமாரியின் மேல்தட்டிலிருந்து உன் வேட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. உன்மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்மேல் இருப்பதும் ஆறவில்லை.

பென்ரோஸில் நாம் இருவரும் ஒரே தொழிற்சாலை. நீ லாரிகளில் சரக்கு ஏற்றும் பக்கம், நான் தரம் பார்க்கும் பக்கம். ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது, "மச்சான், நான் ஒரு கேரவன் வாங்கிட்டன்" என்றாய். காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போகத்தான் என்று நினைத்தேன். "இல்லை. அவுஸ்திரேலியாவுக்கு. உள்ளுக்க, மண் ரோட்டில ஓட வேணும். என்னென்ன செய்ய வேணுமெண்டு நீ வந்து பாத்துச் சொல்லு" என்றாய். புத்தி உள்ளவன் அங்கே போய் வாடகைக்கு ஒன்றை எடுப்பான், கடலில் கப்பலேற்றிக்கொண்டு போகமாட்டான் என்று சொன்னேன். நீ சிரித்தபடி சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டாய்.

அந்தச் சனிக்கிழமையே நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு வந்தேன். மாசி என்ற அந்தப் புறநகரில், உன் வீட்டு முன் டிரைவ்வேயில் அது நின்றது. பழசு, வெள்ளை, ஓரமெல்லாம் பாசி. உன் மனைவி சுகந்தி தேநீர் கொடுத்துவிட்டு, "நீங்களாவது வேண்டாமெண்டு சொல்லுங்கோ அண்ணை" என்றாள். நான் சொல்லவில்லை. அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, குழாய்கள் தரையைத் துளைத்து வரும் இடமெல்லாம் தூசி உள்ளே வரும் என்றேன். அதுதான் ஆரம்பம்.

சிலிக்கான் பூசி ஓட்டைகளை அடைத்தோம். கதவு ரப்பரை மாற்றினோம். முன்பக்கத்தில் கல் தெறிக்காமல் வலை கட்டினோம். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் தகடு போட்டோம். ஓடும்போது காற்று உள்ளே புகுந்து தூசியை வெளியே தள்ளும்படி கூரையில் முன்பக்கம் பார்த்து ஒரு சிறு திறப்பு வைத்தோம். கோப்பைகளை உன் பழைய காலுறைகளுக்குள் போட்டு அடுக்கினாய். அதைப் பார்த்து சுகந்தி அந்தக் கோப்பைகளில் இனி யாரும் குடிக்கமாட்டார்கள் என்று சொல்லிவிட்டாள்.

எதற்காக இதெல்லாம் என்று நீ சொன்னது இரண்டாவது குளிர்காலத்தில். வெளியே மழை, நாம் உள்ளே அந்தக் குறுகிய மேசையில். கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாய். உறவுக்காரர் யாரோ அனுப்பியது. செக்கச்சிவந்த மண் சாலை, அதன் ஓரத்தில் மெலிந்த ஒருவன். உன் தம்பி குகன்.

அவன் படகில் ஆஸ்திரேலியா போனவன். அகதிகளைத் தடுத்து வைக்கும் முகாமில் இருந்தபோது எப்படியோ உன் எண்ணைத் தேடிக் கூப்பிட்டான். படிவத்தில் வெளிநாட்டில் உறவினர் உண்டா என்று கேட்கிறார்கள், உன் பெயரை எழுதட்டுமா என்றான். அப்போது இங்கே உன்னுடைய நிரந்தர விசா விண்ணப்பம் நிலுவையில் இருந்தது. படகில் வந்த தம்பி இருப்பது தெரிந்தால் எல்லாம் கெட்டுவிடும் என்று யாரோ உன்னைப் பயமுறுத்தியிருந்தார்கள். "என்ர பேரை எழுதாதை எண்டு சொல்லிட்டன் மச்சான். அவன் சரி அண்ணா எண்டு போனை வைச்சிட்டான். அதுக்குப் பிறகு கதைக்கேல்ல" என்றாய். பிறகு அவனை வெளியே விட்டார்கள். குயின்ஸ்லாந்தின் உள்ளே ஒரு சிற்றூரில், பெட்ரோல் நிலையக் கடையில் வேலை. அவனிடம் இருக்கும் விசாவில் நாட்டை விட்டுக் கிளம்பினால் திரும்ப முடியாது. போவதென்றால் நீதான் போக வேண்டும்.

விமானம் ஏறினால் ஒரே நாளில் போய்விடலாமே என்றேன். "போகலாம். அவன் கதவைத் திறக்காட்டி? மோட்டலில போய்ப் படுத்திட்டுத் திரும்பி வாறதே? வாசல்லயே இருக்க வேணும் மச்சான். அவன் திறக்கிறவரைக்கும். அதுக்கு எனக்கு ஒரு வீடு வேணும், பின்னால இழுத்துக்கொண்டு போக." வாடகைக் கேரவன் ஏன் கூடாது என்பதும் அப்போதுதான் புரிந்தது. அதற்கு ஒரு கெடு உண்டு, அந்த நாளில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அன்றைக்கு உன்மேல் எனக்கு வந்த மரியாதையை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அடுத்த வாரம் வரும்போது இன்னும் நல்ல டேப் வாங்கிவந்தேன், அவ்வளவுதான்.

வேட்டி என் யோசனை. மாசிக்கு மேற்கே காட்டுக்குள் போகும் சரளைச் சாலையில் கேரவனை இழுத்து ஓட்டிப் பார்ப்போம், உள்ளே கட்டில்மேல் வெள்ளை வேட்டியை விரித்து வைப்போம், தூசி எங்கே விழுகிறதோ அங்கே ஓட்டை என்றேன். கோயிலுக்குக் கட்டும் வேட்டியை நீ மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தாய். முதல் ஓட்டத்தில் சாம்பல் நிறமாகத் திரும்பி வந்தது. இரண்டாவதில் சிவப்பாக வந்தது. சுகந்தி வறுத்து இடித்த மிளகாய்த்தூள் போத்தலைத் தம்பிக்கென்று மேல்தட்டில் வைத்திருந்தாய். குலுக்கலில் மூடி கழன்று, கட்டில், தரை, திரைச்சீலை எல்லாம் ஒரே தூள். கதவைத் திறந்த இருவரும் காட்டோரத்தில் நின்று கண்ணீர் வழியத் தும்மினோம். "ஆஸ்திரேலியா மண்ணு நமக்கு முன்னாடியே வந்துருச்சுப்பா" என்றேன். நீ புல்லில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நாம் சேர்ந்து அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி.

நான் ஏன் அப்படி இருந்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். தொழிற்சாலையில் நான் 'கூடாது' என்று ஒதுக்கிய சரக்கை மேலே இருப்பவர்கள் சும்மா அனுப்பிவிடுவார்கள். பதினோரு வருடமாக அதைப் பார்த்தபடி நின்றவன். உன் டிரைவ்வேயில் மட்டும்தான் என் சொல் செல்லுபடியானது. "நீ பாஸ் எண்டு சொன்னாத்தான் நான் வெளிக்கிடுவன்" என்று நீ சொன்னாய். அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பது உனக்குத் தெரிந்திருக்கும். எனக்குத்தான் தெரியவில்லை.

கடைசி ஓட்டம் ஒரு ஏப்ரலில். கப்பலில் இடம் கேட்டு வைத்திருந்தாய். மே மாதம் அனுப்பினால் அங்கே வெயிலும் மழையும் குறைந்த காலத்துக்குச் சரியாக இருக்கும். சரளைச் சாலை முழுக்கப் போய் வந்தோம். கதவைத் திறந்து பார்த்தேன். வேட்டி வெள்ளையாகக் கிடந்தது. குனிந்து, கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். கால்மாட்டில், ஓரமாக, ஒரு விரல் அகலத்துக்கு லேசான மங்கல்.

"இன்னும் ஒரு எடத்துல வருதுப்பா" என்றேன்.

"அது காணாதே மச்சான்? இவ்வளவு போதும்தானே?"

"இங்கயே இவ்வளவு வந்தா அங்க என்ன வரும்? அவசரப்படாத. அடுத்த வருஷம் போலாம்."

உன் முகத்தில் ஏமாற்றத்தை எதிர்பார்த்தேன். நிம்மதிதான் தெரிந்தது. பரீட்சை தள்ளிப்போனதும் பிள்ளைகளுக்கு வருமே, அந்த நிம்மதி. அதைப் பார்த்தும் நான் மறுபடி குனிந்து ஓட்டையைத் தேடினேன். என் கோபம் அங்கேதான் நிற்கிறது. எதிலும் குற்றம் கண்டுபிடிப்பவன் என்று ஊருக்கே தெரிந்த என்னை ஏன் கூப்பிட்டாய்? ஒருபோதும் பாஸ் போடாத ஆளாகப் பார்த்துத்தானே கூப்பிட்டாய்? அன்றைக்கு யாரோ சொன்னதைக் கேட்டு அவனைக் கைவிட்டாய். பிறகு நான் சொன்னதைக் கேட்டு வீட்டிலேயே இருந்துவிட்டாய். உனக்காக ஒரு தடவைகூட நீ முடிவெடுக்கவில்லை.

அந்த வருடமே ஆகஸ்டில், வேலைக்கு வரும் வழியில், மோட்டார்வே ஓரத்தில் வண்டியை ஒழுங்காக நிறுத்தி, விளக்குகளை மினுக்கவிட்டு, ஸ்டியரிங்கில் சாய்ந்து போய்விட்டாய். யாருக்கும் தொந்தரவு இல்லாமல். இருதயம் என்றார்கள். குகனுக்கு உறவுக்காரர் மூலம்தான் செய்தி போனது. அவனால் வர முடியவில்லை.

கேரவனை சுகந்தி ஓய்வுபெற்ற ஒரு தம்பதிக்கு விற்றாள். அவர்கள் அதைக் கடற்கரையில் நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். உள்ளே தூசி என்பதே இல்லை என்று போன் செய்து பாராட்டினார்களாம். அதை என்னிடம் சொல்லிவிட்டு, "மூண்டு வருசமா ரெண்டு பேரும் அதுக்குள்ள என்னத்தைத் தேடினீங்கள் அண்ணை?" என்று கேட்டாள். விற்கும்போது கேரவன் கட்டிலுக்கு அடியில் கிடந்ததென்று எடுத்து வைத்திருந்த வேட்டியை மடித்துக் கொடுத்தாள்.

போன ஜூலையில் நான் போனேன். காலையில் ஆக்லாந்தில் விமானம், பிரிஸ்பேனில் இறங்கி ஒரு சின்ன விமானம், அதன்பிறகு பேருந்து. தார்ச்சாலை எப்போது முடியும், குலுங்கத் தொடங்கும் என்று ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். முடியவே இல்லை. கடைசியில் எழுந்துபோய் ஓட்டுநரிடம் மண் சாலை எங்கே தொடங்குகிறது என்று கேட்டேன். இந்தச் சாலைக்குத் தார் போட்டு ஆறேழு வருடம் ஆகிறது என்றார். நீ காட்டிய படம் அதற்கும் முந்தையது. கேரவனின் ஒவ்வொரு திருகாணியையும் சோதித்த நான், போகிற சாலை எப்படி இருக்கிறது என்று ஒரு தடவைகூடத் தேடிப் பார்க்கவில்லை. நீயும்தான்.

குகனுக்கு உன் மூக்கு, உன் குரல். கடைக்குப் பின்னால் அவன் அறையில் உட்காரவைத்து சோறும் மீன்குழம்பும் போட்டான். கேரவன் கதையைச் சொன்னேன். வாசலில் இருப்பதற்காக நீ வீட்டையே இழுத்து வரப் பார்த்ததைச் சொன்னேன். பிறகு தட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

"அண்ணா வந்திருந்தா நான் கதவைத் திறந்திருக்க மாட்டன். உண்மையைச் சொல்லுறன். ரெண்டு நாள் வெளியிலதான் விட்டிருப்பன்."

நான் தலையாட்டினேன்.

"மூண்டாம் நாள் திறந்திருப்பன். அதுக்கு மேல என்னால ஏலாது."

நீ சரியாகத்தான் கணக்குப் போட்டிருந்தாய். உனக்கு அந்த வீடு தேவைப்பட்டிருக்கும், இரண்டே இரண்டு நாளைக்கு. முதல் தடவை இழுத்து ஓட்டிய அன்றைக்கு, தூசி அப்பிய வேட்டியோடு புறப்பட்டிருந்தாலும் அது போதும்.

"பிறகேன் அவர் வெளிக்கிடேல்ல?" என்று கேட்டான்.

பையிலிருந்து வேட்டியை எடுத்து அவன் கட்டில்மேல் விரித்தேன். உள்ளே தூசி வந்துகொண்டிருந்தது, நான்தான் வேண்டாமென்று நிறுத்தினேன் என்றேன். அவன் குனிந்து பார்த்தான். விளக்கைப் போட்டுவிட்டு வந்து மறுபடி பார்த்தான்.

"எங்க இருக்கு அண்ணை?"

விரலை வைத்துக் காட்டினேன். அப்போதும் அவனுக்குத் தெரியவில்லை.

கிளம்பும்போது வேட்டியை அவனிடம் நீட்டினேன். அண்ணனுடையது, உன்னிடம் இருக்கட்டும் என்றேன். கையைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டான். "வேண்டாம். நீங்களே வைச்சிருங்கோ" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான்.

நான்தான் வைத்திருக்கிறேன். நேற்று அதை மடியில் விரித்து, கண்ணாடி போட்டுக்கொண்டு நானும் தேடினேன். அந்த இடம் எனக்குத் தெரிகிறது. எனக்கு மட்டும் தெரிகிறது.