சீட்டியடிக்காத தர்வகா

அன்பு மகள் ஒயுன்கெரெலுக்கு அம்மா செவெல்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், பாப்பாவுக்கு உன் பால் குறையாமல் இருக்க வேண்டும். இங்கே ஆடுகள் நன்றாகக் கொழுத்திருக்கின்றன, எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பாவைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, உட்கார்ந்து படி. டாக்டர் இந்தக் கடிதத்தைச் சூடு காட்டித்தான் தபாலில் சேர்ப்பாராம், ஓரம் கருகியிருந்தால் பயப்படாதே.

போன வாரம் உன் அப்பா வெள்ளைச் சட்டையும் காது வைத்த தொப்பியும் மாட்டிக்கொண்டு, துப்பாக்கியும் கவரியுமாக மேட்டுக்குப் போனார். அவர் கவரியை ஆட்டி ஆடிக்கொண்டே கிட்டே போவதும், கொழுத்த மலையணிலான அந்தத் தர்வகா வளை வாசலில் நின்று சீட்டியடித்தபடி வேடிக்கை பார்ப்பதும் உனக்குத் தெரியாததா. அன்றைக்கு ஒன்று சீட்டியே அடிக்கவில்லையாம், கவரியை இறக்கிய பிறகும் அசையவில்லையாம். "அப்படியே சொக்கிப்போய் நின்னுச்சுடி, இந்த வயசுலயும் என் ஆட்டத்துக்கு மவுசு பாரு" என்று அதைச் சுட்டுக் கொண்டுவந்து பீற்றிக்கொண்டார், நானும் சிரித்தேன். சீக்கு வந்த தர்வகாவும் அப்படித்தான் ஓடாமல் நிற்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும், ஆனால் புருஷன் பெருமைப்படும்போது யாருக்கு அது ஞாபகம் வருகிறது. தர்வகா முன்பு மனிதனாக இருந்ததன் மிச்சம் என்று அதன் அக்குள் சதையை நாம் தின்னாமல் எறிவோமே, அந்த மனுஷ இறைச்சியை அறுத்தெடுக்கும்போது கத்தி அவர் கட்டைவிரலைக் கீறிவிட்டது. கையைக் கழுவுங்கள் என்றேன், அதைத்தான் எறிந்தாயிற்றே இனி என்ன என்றார். பழுக்கக் காய்ச்சிய கல்லை அதன் வயிற்றுக்குள் போட்டு வாட்டி இரண்டு பேருமாகத்தான் தின்றோம்.

அப்புறம் அவருக்கு அனலாகக் காய்ச்சல், அக்குளில் முட்டை போல வீக்கம். பிளேக் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவரை ஓடைக்கு அந்தப் பக்கம் தனிக் கூடாரத்தில் போட்டு, நம் கூடாரத்தைச் சுற்றிச் சிவப்புத் துணி கட்டிய கயிறு இழுத்துவிட்டார்கள். எனக்குத் தினமும் மாத்திரை, ஆடுகளைப் பக்கத்து முகாம்காரர்கள் மேய்க்கிறார்கள், என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். கயிறு என் முழங்கால் உயரம்தான், தாண்ட எவ்வளவு நேரம் ஆகும், ஆனால் தாண்டக்கூடாது. அவர் இருமுவது இங்கே கேட்கிறது, ஒரு வாய் டீ கொண்டுபோய்க் கொடுக்க வழியில்லை. நாள் முழுக்கக் கயிற்றோரமாகவே நடந்து புல்லெல்லாம் படுத்துவிட்டது. அவருக்கு ஊசி போடுகிறார்கள், ஆனால் தாமதமாக ஆரம்பித்ததால் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர்.

அப்பா டாக்டரிடம் ஒன்றுதான் கேட்கிறாராம். "எம் பொண்ணுக்கு எழுதச் சொல்லுங்க, பேத்திய ஒரு தடவ பாத்துடறேன்." வருகிறவர்களை உள்ளே விடுவார்கள், ஆனால் வந்தபின் எல்லாம் முடியும்வரை வெளியே விடமாட்டார்கள். பால்குடிக்கிற குழந்தையோடு நீ இங்கே வந்து மாட்டிக்கொள்வதற்கு நான் எப்படிச் சம்மதிப்பேன். உன்னை வரச் சொல்லி எழுதிவிட்டேன் என்று அவருக்குச் சொல்லியனுப்பியிருக்கிறேன். அதைக் கேட்டுக் கொஞ்சம் கஞ்சி குடித்தாராம், பாதை தெரியும்படி கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னாராம். நீ வராதே அம்மா. தந்தி வந்தாலும் வராதே. அவர் பிழைத்து எழுந்து வந்து, ஏன்டி பொய் சொன்னாய் என்று என்னைத் திட்டட்டும், அந்தத் திட்டுக்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறேன்.

நீயும் உன் குடும்பமும் குறையில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். பாப்பாவை என் சார்பில் முகர்ந்துகொள். ஊரிலிருந்து யார் தர்வகா இறைச்சி கொண்டுவந்து நீட்டினாலும் வாங்காதே, மனசு கஷ்டப்பட்டால் படட்டும்.

கயிற்றுக்கு உள்ளேயிருந்து,
உன் அம்மா செவெல்மா