பக்கத்துக் கட்டில்காரரின் பதினெட்டு

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகம் என்றுதான் நீ அனுப்பிய மலத்தில் எடுத்த கால்ப்ரோடெக்டின் சோதனை சொல்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். போனில் கேட்டால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவாய்.

உனக்குத் தெரியாததா? குடல் புண்ணாகி வீங்கினால் அந்த எண் ஏறும், ஆறினால் இறங்கும். ஐம்பதுக்குக் கீழே என்றால் நிம்மதி. இரண்டு மாதம் முன்பு உனக்கு அறுநூற்று நாற்பது. இப்போது பதினெட்டு. மருந்தோ மாறவே இல்லை. ஒன்பது வருடமாக இந்த ஆய்வகத்தில் மூக்கைப் பிடிக்காமல் டப்பா திறக்கிறவள் நான், என் காதிலேயே பூ சுற்றுகிறாய். மெஷின் கெட்டுவிட்டதோ என்று மறுபடி ஓட்டினேன். பத்தொன்பது வந்தது.

நேற்று மதியம் ஆய்வகத்துக்கு ஒரு போன். உன் சாம்பிள் எண்ணைச் சொல்லி, என் குடலுக்கு ஒண்ணும் இல்லையே மேடம் என்று ஒருவர் பயந்து பயந்து கேட்டார். யாரென்று அதட்டினேன். உன் விடுதியில் பக்கத்துக் கட்டிலில் படுக்கும் வெல்டர். உன் டப்பாவில் தன்னுடையதைக் கொடுத்த நாளிலிருந்து பாவம், அவருக்குச் சோறே இறங்கவில்லையாம். உங்கள் குடல் கல்லையும் செரிக்கும் என்றேன். அந்தச் சந்தோஷத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். ஒரு நாளைக்குப் பதினோரு முறை போகிறாயாம், ரத்தமும் வருகிறதாம். பாலத்துச் சாரத்திலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறாயாம். நான் சொன்னதா சொல்லிடாதீங்க என்று கெஞ்சினார். சரி என்றேன், பொய்தான். அவரைக் கோபிக்காதே.

எண் ஏறினால் டாக்டர் திரும்பி வரச் சொல்வார், இப்போதுதான் கிடைத்த மேஸ்திரி வேலை போய்விடும் என்று பயந்திருக்கிறாய். புரிகிறது, ஆனாலும் உன்மேல் அவ்வளவு கோபம் எனக்கு. டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன். முதலில் திட்டினார், வெல்டர் கதையைக் கேட்டுச் சிரித்தார். உடனே வந்தால் ஊசி மருந்தில் அடக்கிவிடலாமாம், தள்ளிப்போட்டால் குடலை வெட்டும்படி ஆகிவிடுமாம். எனக்கு நம்பிக்கை இருக்கிறது. இரண்டாயிரத்தோடு வந்தவர்கள் அறுபதுக்கு இறங்கியதை என் கையாலேயே அளந்திருக்கிறேன். மேஸ்திரி வேலைக்கு மருத்துவ விடுப்பு உண்டு, விசாரித்துவிட்டேன்.

அண்ணிக்கு இன்னும் தெரியாது. அதை நீதான் சொல்ல வேண்டும்.

ஆயிரம் வரட்டும், இரண்டாயிரம் வரட்டும், அது உன்னுடையதாக இருந்தால் நான் அசர மாட்டேன். அந்தப் பதினெட்டைப் பார்த்தபோதுதான் பயந்துபோனேன். ஞாயிற்றுக்கிழமை வண்டியில் ஏறு. இந்த முறை டப்பா வேண்டாம் அண்ணா, நீயே வா.

வழி பார்த்திருக்கும்
உன் தங்கை