சம்பந்தியை அழைக்க ஸ்பானிஷ்

ஜூலை 3, வியாழன்
போனில் ஸ்பானிஷ் பாடம். இன்று ஐந்து சொல். அப்லார் – பேச. கொமேர் – சாப்பிட. பெபேர் – குடிக்க. தோர்மீர் – தூங்க. பெனீர் – வர. நான் ‘வெனீர்’ என்றேன். சிவப்புக் கோடு போட்டது. ‘வ’ என்று எழுதிவிட்டு ‘ப’ சொல்ல வேண்டுமாம். ‘ஹ’ எழுதியிருந்தால் சொல்லவே கூடாதாம். பிறகு என்ன எழவுக்கு எழுதுகிறார்கள்?

ஜூலை 6, ஞாயிறு
மகள் அஞ்சு ஸ்பெயினிலிருந்து பேசினாள். “அம்மா, நீங்க கஷ்டப்படாண்டாம். அவங்க அம்மாட்ட சும்ம சிரிச்சா போரும்.” நான் என்ன பொம்மையா? மருமகன் ஸ்பெயின்காரனாக இருக்கட்டும். கல்யாணத்துக்குச் சம்பந்தியைப் பெண்ணைப் பெற்றவள் தன் வாயால் அழைக்க வேண்டும். வாட்ஸப்பில் கார்டு அனுப்பினால் அது அழைப்பா?

ஜூலை 9, புதன்
கொழுந்தன் ஈஸ்வரமூர்த்தி வந்தார். “மைனி, பூதப்பாண்டியில எல்லா வீட்டுக்கும் நானும் எம் பொண்டாட்டியும் போயி விளிச்சிருவோம். ஸ்பெயினுக்கும் நானே சொல்லுகேன். தாலியறுத்தவங்க விளிக்கப்பிடாதுல்லா.”

அவர் அண்ணன் போய்ப் பதினோரு வருடம். சத்துணவுக் கூடத்து அடுப்பில் வெந்து மகளை நர்சிங் படிக்க வைத்தேன். அப்போதெல்லாம் இந்த முறை எங்கே போயிருந்தது? வெற்றிலைத் தட்டைத் தொடும்போதுதான் வருமா? அவருக்குக் காபி வேறு போட்டுக் கொடுத்தேனே – என்னைச் சொல்லணும்.

ஜூலை 10
இன்விதார் – அழைக்க. நூறு தடவை சொன்னேன்.

ஜூலை 13, ஞாயிறு
வீடியோவில் சம்பந்தியம்மா பிலார். கொழுந்தன் தட்டோடு முன்னால் உட்கார்ந்தார். துண்டுச் சீட்டைப் பார்த்துத் திக்கினார், வேர்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். தட்டை வாங்கிக்கொண்டேன். “பெனீர். கொமேர். கெதார்ஸே.” வர, சாப்பிட, தங்க. முழு வாக்கியம் எனக்கு வராது. அந்த அம்மா “சி, சி” என்று நெஞ்சில் கை வைத்தாள். அவளுக்கும் வீட்டுக்காரர் இல்லை. மகன் கல்யாணத்தை அவள்தான் முன்னின்று பேசுகிறாள், அங்கே ஒருவரும் தடுக்கவில்லை.

கொழுந்தன் துண்டுச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

ஜூலை 16, புதன்
தட்டெடுத்துக்கொண்டு பக்கத்துத் தெருத் தாணம்மாள் வீட்டுக்கு நானே போனேன். அவள் புருஷன் இறந்த பிறகு அந்த வீட்டுக்கு வந்த கல்யாணக் கார்டெல்லாம் மகன் பேருக்குத்தான். இதில் அவள் பெயரை எழுதியிருந்தேன்.

“எனக்கா?” என்றாள்.

“ஒனக்குத்தான் மக்கா. முன்வரிசையில வந்து இருக்கணும்.”

தட்டை வாங்க அவளுக்குக் கை வரவில்லை. வாங்கும்வரை நின்றேன்.