பெட்ரோமாக்ஸை அணைக்கப் போகிறேன்

வானத்தைப் பார்த்தே நடந்து, தெருவிலிருந்த கல்லிலெல்லாம் கால் இடித்துக்கொண்ட என் அண்ணன் கந்தசாமிக்கு,

உன் வால்நட்சத்திரம் எழுதுகிறேன். ஊர் என்னை வாலு என்று திட்டியபோது, கூட ஒரு நட்சத்திரத்தைச் சேர்த்துக் கொடுத்தவன் நீதானே. தறி இருக்கிற வீட்டில் பிறந்தும் தறிகெட்டுத் திரிகிறாள் என்று அம்மா சொல்வாள் அல்லவா, அதில் மாற்றம் ஏதும் இல்லை. பதினேழு வயதாகிவிட்டது, அவ்வளவுதான்.

சேதி ஒன்று இருக்கிறது. நாளைக்குப் பொங்கல். வெள்ளைக்காரன் போன பிறகு வருகிற முதல் பொங்கல். சாயங்காலம் நம் நெசவாளர் சங்கத்து வாசலில் உன் படத்தைத் திறக்கிறார்கள். சேலத்திலிருந்து ஆள் வந்து வரைந்தது. உனக்குக் கதர்ச் சட்டை போட்டு, முறுக்கு மீசை வைத்திருக்கிறான். உன் உதட்டின் மேல் இருந்ததை மீசை என்று சொன்னால் கம்பளிப்பூச்சிக்கே கோபம் வரும். படத்தின் கீழே, தேசத்துக்காக வெடிகுண்டு செய்து உயிர்விட்ட தியாகி என்று எழுதியிருக்கிறது.

படத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை. மேசைமேல் நீ தேய்த்த வட்டக் கண்ணாடி. போலீஸ்காரர்கள் எடுத்துப்போனதைப் புது அதிகாரி திருப்பிக் கொடுத்துவிட்டார். முகமெல்லாம் கறுத்துக் கிடக்கிறது. ‘வெடிமருந்து அரைத்த கண்ணாடி’ என்று அட்டை எழுதி நிறுத்தியிருக்கிறார்கள். நீ பார்த்தால் சிரிப்பாயா, அழுவாயா? நான் முதலில் சிரித்தேன்.

சங்கத் தலைவர் வீட்டுக்கே வந்து, கூட்டத்தில் வாசிக்க உருக்கமாக ஏதாவது எழுதித் தரச் சொன்னார். அதைத்தான் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன் என்று கோபிக்காதே. கேட்கப் போகிறவர்களுக்குத் தெரியாது.

தொலைநோக்கி செய்ய, தடித்த வட்டக் கண்ணாடி இரண்டைப் பீப்பாய்மேல் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, நடுவே பொடியும் தண்ணீரும் விட்டு மாதக்கணக்கில் தேய்த்தாய். பீப்பாயைச் சுற்றிச் சுற்றி வந்து நானும் தேய்த்தேன். செக்குமாட்டுக்காவது புண்ணாக்கு கிடைக்கும் என்று நான் முணுமுணுத்தது நினைவிருக்கிறதா? மேல் கண்ணாடி மெல்லக் குழிந்தது. அந்தக் குழியில் வெள்ளி பூசினால்தான் வெளிச்சத்தைத் திரட்டித் தரும் என்றாய். வெள்ளிக்கு எங்கே போவது? அம்மா தன் கூறைச் சேலையின் முந்தானையைக் கிழித்து நீட்டினாள். ஜரிகையை எரித்து, தட்டாரிடம் வாங்கிய திராவகத்தில் கரைத்து, என்னென்னவோ கலந்தாய். கண்ணாடியில் அம்மாவின் கல்யாணம் படிந்தது. மேலே இருக்கும் வெள்ளியைப் பார்க்க வீட்டு வெள்ளியைக் கரைத்த ஒரே நெசவாளி நீதான்.

நீ பார்த்ததெல்லாம் ஒரே ஒரு நட்சத்திரம். கொஞ்சம் சிவந்தது. சில மாதம் வெறுங்கண்ணுக்கே தெரியும், பிறகு மங்கி மங்கிக் காணாமல் போகும். கண்ணாமூச்சிக்காரி என்று பேர் வைத்தாய். நம் கண்ணுக்குத் தெரியாத காலத்திலும் அவள் இருந்த இடத்திலேயே இருக்கிறாள் என்று தொலைநோக்கியில் காட்டினாய். பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, இதைவிட மங்கல், அதைவிடப் பிரகாசம் என்று சொல்வாய். அவள் ஏன் இப்படி மூச்சு வாங்குகிறாள் என்று சீமையில் இருக்கிறவர்களுக்கே முழுசாகத் தெரியாதாம். ஒருவேளை நமக்குத் தெரியலாம் என்றாய். அந்த ‘நமக்கு’ எனக்கு எவ்வளவு பிடித்தது தெரியுமா?

மழைக்காலம் பட்டு வெள்ளி கறுத்தது. வெள்ளையனே வெளியேறு என்று ஊரெல்லாம் கொதித்துக்கொண்டிருந்த அந்த ஆவணியில், அவள் மங்குவதற்குள் மறுபடி பூச வேண்டும் என்று அவசரப்பட்டாய். பூசியும் முடித்தாய். கலவையில் மிச்சம் இருந்தது. கொட்டாமல் சீசாவில் ஊற்றி, குளுமையாக இருக்கட்டும் என்று தறிக்குழியில் வைத்தாய்.

நம் வீட்டில் எதைத்தான் அன்றைக்கே கொட்டியிருக்கிறோம்? பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சியை இரவெல்லாம் புளிக்க வைப்பாள் அம்மா. புளித்தால்தான் நூல் அறாமல் நிற்கும். சாயம்கூட ஊற ஊறத்தான் ஏறும். வெள்ளியும் அப்படித்தான், ஊறினால் கெட்டியாகப் பிடிக்கும் என்று நீ என்னிடம் சொன்னாய். அந்தக் கலவையை மட்டும் அந்த மணியிலேயே கொட்டிவிட வேண்டும், வைத்தால் தானாகவே வெடிக்கும் என்று உன் சயன்ஸ் வாத்தியார் பிறகு சொன்னார். உன் பாடையின் பின்னால் நடந்துகொண்டே அப்பாவிடம் சொன்னார்.

மறுநாள் நீ சீசாவைத் தொட்டபோது எழுந்த சத்தத்துக்குத் தெருவே என் பேரைச் சொல்லித்தான் கத்தியது. “ஏ செல்லா, என்னத்தப் பண்ணித் தொலச்ச?” இது என் வேலை இல்லை, அண்ணன் எனக்குப் பதில் வேலை காட்டுகிறான் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே உள்ளே ஓடினேன். சிரித்த வாயோடுதான் உன் முகத்தைப் பார்த்தேன். சீசாவின் சில்லு கண்ணிலும் கழுத்திலும். சேலம் ஆஸ்பத்திரியில் புண் சீழ் வைத்தது. இருட்டாக இருக்கிறது செல்லா, இன்றைக்கு நன்றாகத் தெரியும் என்றாய். அப்போது மத்தியானம்.

நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அப்பாவை ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனார்கள். வெடிகுண்டு செய்யக் கற்றுக்கொடுத்தது யார் என்று கேட்டார்கள். பையன் நட்சத்திரம் பார்க்கக் கண்ணாடி செய்தானுங்க என்று அப்பா உண்மையைச் சொன்னார். எங்களையே கேலி பண்ணுகிறாயா என்று அதற்கும் சேர்த்து அடித்தார்கள். விளக்கில்லாத அறையில் பல நாள் அடைத்து வைத்தார்கள். இடது கால் இப்போது மிதிக்கட்டையை அமுக்குவதில்லை. அவருக்குப் பதில் நான்தான் குழியில் இறங்கி நெய்கிறேன். நீ விழுந்த அதே குழி. அம்மா கஞ்சியைப் புளிக்க விடுவதே இல்லை. அன்றன்றைக்குக் காய்ச்சி மிச்சத்தைக் கொட்டிவிடுகிறாள். நூல் அறுந்துகொண்டே இருக்கிறது. யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

காலம் மாறியதும் ஊர் உன்னைத் தியாகி ஆக்கிவிட்டது. அப்பாவுக்குச் சங்கத்தில் நாற்காலி போடுகிறார்கள். இது உண்மையில்லை, கூட்டத்தில் உள்ளதைச் சொல்லிவிடலாமா என்று நேற்று அவரிடம் கேட்டேன். பாவு நூலைத் தடவிக்கொண்டே, வழக்கம்போல் என்னைச் சாமி என்று கூப்பிட்டுச் சொன்னார்.

“நெசத்தச் சொன்னப்ப அடிச்சாங்க சாமி. பொய்க்கு மால போடறாங்க. நா எதச் சொல்லோணும், நீயே சொல்லு.”

 அவர் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போனேன். பொழுது இறங்கியிருந்தது. கண்ணாமூச்சிக்காரி இப்போது வெளியே வந்திருக்கிறாள் அண்ணா. தொலைநோக்கி வேண்டாம், வெறுங்கண்ணுக்கே தெரிகிறாள். உச்சிக்குக் கொஞ்சம் தெற்கே, சிவப்பாக. விரல் நீட்டிக் காட்டினேன். அப்பா கழுத்து வலிக்கும் வரை பார்த்தார்.

“இத்தினியூண்டுக்கா சாமி?”

 இதற்கு உன்னிடம் பதில் இருந்திருக்குமா அண்ணா?

அவள் மங்கினாலும் இருக்கிறாள், திரும்ப வருவாள். நீயும் அப்படித்தான் என்று யாராவது ஆறுதல் சொன்னால் நம்பாதே. ஆற்றங்கரையில் நீ எரிந்ததைத் தெருக்கோடியில் நின்று பார்த்தவள் நான். புகை வந்தது. வேறெதுவும் வரவில்லை. அதனால்தான் உன்னைப் பற்றி மிச்சம் இருப்பதாவது நீயாக இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. மீசை வைத்த யாரோ ஒருவனுக்கு நான் எப்படி அண்ணா அழுவது?

கூட்டத்தில் பெட்ரோமாக்ஸை அணைத்துவிட்டு எல்லாரையும் மேலே பார்க்கச் சொல்லப் போகிறேன் என்று இன்று காலை அப்பாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

“அமத்தறதுக்கு மின்ன எனக்கொரு வார்த்த சொல்லிப்போடு அம்மிணி. இருட்டுன்னா அந்த ரூமு நெனப்பு வந்துருது.”

ஆகையால் உனக்கு வாக்குத் தருகிறேன் அண்ணா. இந்தக் கடிதத்தைக் கடைசி வரி வரை வாசிப்பேன். உன் கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் அட்டையைக் கிழிப்பேன். பிறகு அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்று, அவர் காதில் சொல்லிவிட்டு, விளக்கின் காற்றைத் திறந்துவிடுவேன். புஸ்ஸென்று அது அடங்கும்போது என் ஒரு கை அப்பாவின் கையில் இருக்கும். மறு கை கண்ணாமூச்சிக்காரியைக் காட்டும்.

குறும்பு செய்தே பேர் கெட்டவள், ஆனால் இதைக் குறும்புக்காகச் செய்யாதவள்,
உன்னோடு பீப்பாயைச் சுற்றி வந்த தங்கச்சி
செல்லா