வர்க்கியின் அடியில் ஊசிக்குத்து

20 டிசம்பர் 1952, சனி.

வர்க்கி மாவை நெய் தடவி மடித்து மடித்துத் தேய்த்தது நான்தான். சுடுவதற்கு மட்டும் ராயபுரம் ரொட்டிக்கடை பாயின் அடுப்புக்குத் தட்டை அனுப்புகிறோம். போன தடவை நெய் வாசமே இல்லை, வனஸ்பதி நெடி. பாய் தட்டையே மாற்றிவிட்டார் என்று மாமியார் அடித்துச் சொன்னார். அதனால் இன்று ஒவ்வொரு துண்டின் அடியிலும் கொண்டை ஊசியால் ரகசியமாக ஒரு குத்துக் குத்தி அனுப்பினேன்.

சாயங்காலம் நானே போய் வாங்கினேன். பிட்டு முகர்ந்தால் அதே நெடி.

"இன்னாம்மா, மோந்து மோந்து பாக்கற? எம்மேலயே சந்தேகமா?" என்றார் பாய்.

ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் என் குத்து இருந்தது. வெட்கமாகப் போய்விட்டது.

நெய் ஜாடி மாமியாரின் அலமாரியில் இருக்கிறது. உருக்கிக் கிண்ணத்தில் தருவதும் அவர்தான். திருவொற்றியூரில் இருக்கும் மகளைப் பார்க்க வாராவாரம் பையோடு போகிறவரும் அவர்தான். பச்சை மாவில் தெரியாத நெடி சூட்டில் தெரிந்துவிடுகிறது.

வீட்டுக்கு வந்து தட்டை வைத்தேன். நான் வாயே திறக்கவில்லை. மாமியார் ஒரு துண்டைக்கூடக் கையில் எடுக்கவில்லை.

"பாத்தியா, இந்தத் தடவையும் மாத்திட்டான்!" என்றார்.